50% பின்னல் நிழல்வலை: மேற்குக்கரை வெயிலுக்கு எது சரிப்படும்

அவசரமாகக் கடைக்குப் போகிறவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொரீஷியஸின் மேற்குக் கரையில், தாமரின், ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் பக்கம் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் நிழல்வலை வாங்குவதென்றால் கறுப்பு நிறம், பின்னல் வகை, 50 சதவீதம் (அதாவது வெளிச்சத்தில் பாதியைத் தடுப்பது). மூன்றும் சேர்ந்து கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். 80 சதவீத வலை ஆந்தூரியத்துக்கு மட்டும்தான். கறிவேப்பிலை, மிளகாய், கத்தரி, முருங்கை எதற்கும் அது வேண்டாம். செடியைக் காப்பாற்றுவது போலத் தெரியும், ஆனால் இலையைச் சோனியாக்கிவிடும். அப்புறம், 50 சதவீத வலையையும் வருஷம் பூராவும் கட்டிவைக்க வேண்டியதில்லை. ஏன் என்று சொல்லத்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கரும்பு ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இலையைப் பறிக்காமலே அதன் பச்சையம் எப்படி வேலை செய்கிறது என்று கருவியால் அளப்பது என் வேலையில் பெரும்பகுதி. அதனால் வலையைப் பார்க்கும்போது அதற்குக் கீழே இருக்கும் இலைதான் எனக்கு முதலில் கண்ணில் படும்.

நான் வாங்கியது ரோஸ்ஹில் பக்கத்தில் ஒரு இரும்புச்சாமான் கடையில். மூன்று சுருள் வைத்திருந்தார்கள்: பச்சையில் 50, கறுப்பில் 50, கறுப்பில் 80. பச்சை நெசவு வகை, கறுப்பு இரண்டும் பின்னல். வெட்டிக் கொடுத்த பையன், "தோந்தோன் (மாமா), 80 எடுங்க, செடிமேல வெயிலே படாது" என்று கிரியோலில் சொன்னான். அக்கறையாகத்தான் சொன்னான். வாங்க வருகிற எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்களாம். வெயில் படக்கூடாது என்றால் செடி எதற்கு என்று நான் கேட்கவில்லை. சோதனைக்காகப் பச்சையிலும் 80-லும் ஒரு மீட்டர், கறுப்பு 50-ல் கொல்லைக்கு வேண்டிய அளவு என்று வாங்கிக்கொண்டு வந்தேன். பச்சை வலையைவிடக் கறுப்பு 50 ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விலை. கொடுக்கலாம்.

வீட்டில் பழைய ஒளிமானி ஒன்று இருக்கிறது, இலை பயன்படுத்தக்கூடிய ஒளியை மட்டும் எண்ணிக் காட்டுவது. மேகமில்லாத நடுப்பகலில் திறந்த வெளியில் 2000-க்குச் சற்று மேலே காட்டியது. கறுப்பு 50-க்கு அடியில் 1100 பக்கம். அட்டையில் போட்டிருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வெளிச்சம் விடுகிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. பச்சை வலைதான் ஏமாற்றம். 50 என்று எழுதியிருந்தும் 1400-க்கு மேல் காட்டியது, இடத்துக்கு இடம் எண்ணும் மாறியது. இழைகள் நகர்ந்து ஒரு பக்கம் நெருக்கமாகவும் இன்னொரு பக்கம் கலைந்தும் கிடந்ததுதான் காரணம். பச்சை நிறம் பார்க்க இதமாக இருக்கும், செடிக்கு அதனால் தனி லாபம் கிடையாது.

இந்த எண்களை ஏன் பார்க்க வேண்டும்? கறிவேப்பிலை, வெற்றிலை, மிளகாய் மாதிரி செடிகளுக்கு முழு வெயிலில் கால் பங்கிலிருந்து பாதிவரை கிடைத்தாலே ஒளிச்சேர்க்கை உச்சத்துக்குப் போய்விடும். அதற்கு மேல் விழுகிற வெளிச்சத்தால் சர்க்கரை கூடுவதில்லை. கரும்பும் மக்காச்சோளமும் வேறு ரகம். அவை கார்பன் டைஆக்ஸைடை உள்ளே குவித்து வைத்துப் பயன்படுத்துகிறவை, உச்சி வெயிலிலும் இன்னும் கொடு என்று கேட்கும். இந்தத் தீவில் கரும்பை நிழலில் வைத்து யாரும் வளர்க்காததற்கு அதுவே காரணம். ஆனால் கரும்பை வைத்து மற்றச் செடிகளைக் கணக்குப் போடக்கூடாது. நவம்பர் 21, 22 வாக்கிலும் பிறகு ஜனவரி 20, 21 வாக்கிலும் நம் தலைக்கு நேர் மேலே சூரியன் வருகிறது. தைப்பூசக் காவடி எடுக்கிறவர்களின் பாதத்துக்குத் தெரியும் அந்த வெயில். அந்த இரண்டு மாதமும் கொல்லையில் இருக்கிற கறிவேப்பிலைக்குத் தேவைக்கு மேல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வெளிச்சம் வந்து விழுகிறது.

வேண்டாத வெளிச்சத்தை இலை வேண்டாம் என்று திருப்பி அனுப்ப முடியாது. பச்சையம் இருக்கிற வரை அது உள்ளே வாங்கிக்கொண்டேதான் இருக்கும். அறுவடைக் காலத்தில் ஆலை வாசலில் கரும்பு லாரிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆலை அரைக்கிற வேகத்தைவிட லாரி வருகிற வேகம் கூடினால் கரும்பு வாசலிலேயே கிடந்து புளிக்கும். இலைக்குள் புளிப்பது ஆக்ஸிஜன்.

நடப்பது இரண்டு இடத்தில். இலைச் செல்லில் பச்சையம் இருக்கிற உறுப்புக்குப் பசுங்கணிகம் என்று பெயர். அதற்குள் தண்ணீரைப் பிளந்து எலெக்ட்ரானை எடுக்கிற தொகுதி ஒன்று இருக்கிறது. சக்தியைக் கைமாற்றிவிட முடியாமல் அங்கே பச்சையம் தவிக்கும்போது, பக்கத்தில் இருக்கும் ஆக்ஸிஜன்மேல் அந்தச் சக்தி இறங்குகிறது. அப்படிக் கிளறப்பட்ட ஆக்ஸிஜன், தொட்டதை எல்லாம் கெடுக்கும்: கொழுப்புப் படலம், புரதம், பச்சையம் எல்லாவற்றையும். இன்னொரு இடம், அந்த எலெக்ட்ரான் கைமாறிப் போகிற சங்கிலியின் மறுமுனை. அங்கே எலெக்ட்ரானை வாங்க ஆள் இல்லாதபோது ஆக்ஸிஜன் வாங்கிக்கொள்கிறது. பசுங்கணிகத்தில் ஆக்ஸிஜன் இப்படி எலெக்ட்ரான் வாங்குவதை 1951-லேயே ஆலன் மெஹ்லர் காட்டிவிட்டார். அதில் பிறப்பது சூப்பராக்ஸைடு, அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்ஸைடு. மருந்துக்கடையில் புண் கழுவ விற்கிற அதே பொருள். சர்க்கரை தயாரிக்கும் நொதிகள் சிலவற்றை நிறுத்திவிட அது கொஞ்சம் இருந்தாலே போதும்.

ஒரு நல்ல இலை இதை எப்படிச் சமாளிக்கிறது என்று பார்த்தால் எனக்கு இன்னமும் மலைப்பாக இருக்கிறது. முதல் தடுப்பு நிறமிகள். படலத்தில் இருக்கும் கரோட்டினும், வைட்டமின் ஈ என்று நாம் சொல்லும் டோகோஃபெராலும் கிளறப்பட்ட ஆக்ஸிஜனைப் பிறந்த இடத்திலேயே அமர்த்துகின்றன. இரண்டாவது, வயலாஸாந்தின் என்ற மஞ்சள் நிறமி. வெயில் ஏற ஏற, பசுங்கணிகத்துக்குள் இருக்கும் தைலகாய்டு என்ற சவ்வுப் பைக்குள் அமிலத்தன்மை கூடும். அது ஒரு நொதியைத் தட்டி எழுப்பும். சில நிமிடத்துக்குள் வயலாஸாந்தின் ஜியாஸாந்தினாக மாறிவிடும். ஜியாஸாந்தின் நிறைய இருக்கிற இலை, அதிகப்படியான சக்தியை வெறும் வெப்பமாக்கி வெளியே விட்டுவிடுகிறது. மேகம் மூடினால் நிறமி மெதுவாகப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஒரு நாளில் எத்தனை முறை மேகம் வந்து போகிறதோ அத்தனை முறை இலைக்குள் இந்த வேலை நடக்கிறது. நம் கண்ணுக்கு இலை அப்படியே பச்சையாகத்தான் இருக்கும்.

அதையும் தாண்டி வருகிற சூப்பராக்ஸைடுக்கு வேறு ஏற்பாடு. சூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி அதைப் பெராக்ஸைடாக மாற்றும். இந்த வேலையைச் செய்யும் நொதி ஒன்று உண்டு என்று 1969-ல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டுபிடித்தார்கள். பெராக்ஸைடை உடைக்க நம் உடம்பிலும் இலையின் வேறு உறுப்புகளிலும் கேட்டலேஸ் இருக்கிறது, ஆனால் பசுங்கணிகத்துக்குள் அது கிடையாது. அங்கே அந்த வேலை பெரும்பாலும் வைட்டமின் சி-யின் தலையில்தான். அஸ்கார்பேட் பெராக்ஸிடேஸ் என்ற நொதி வைட்டமின் சி-யைச் செலவழித்துப் பெராக்ஸைடைத் தண்ணீராக்குகிறது. செலவான வைட்டமின் சி, செல்லில் இருக்கும் குளூட்டதயோன் என்ற இன்னொரு பொருளின் உதவியால் திரும்பவும் உயிர்பெறுகிறது. 1976-ல் ஃபாயரும் ஹாலிவெலும் பசுங்கணிகத்தில் இந்தச் சுழற்சியைச் சுட்டிக்காட்டினார்கள். ஜப்பானியரான கோஸி அசாதா இதை முழுதாக வரைந்து, தண்ணீரில் தொடங்கித் தண்ணீரில் முடிகிற சுழற்சி என்று 1999-ல் எழுதினார். எலெக்ட்ரானைக் கொடுத்தது தண்ணீர், கடைசியில் கிடைப்பதும் தண்ணீர். நடுவில் இலை தன்னைக் காப்பாற்றிக்கொண்டது.

ஆரோக்கியமான பசுங்கணிகத்துக்குள் லிட்டருக்குச் சில கிராம் கணக்கில் வைட்டமின் சி கரைந்திருக்கிறது. எலுமிச்சைச் சாற்றில் லிட்டருக்கு அரை கிராம்கூடத் தேறாது. அவ்வளவு வைத்திருந்தும் இலைக்குக் கவலை உண்டு. பெராக்ஸைடு இருக்கும்போது வைட்டமின் சி தீர்ந்துவிட்டால், அதைப் பயன்படுத்துகிற அந்தப் பெராக்ஸிடேஸ் நொதியே பழுதாகிவிடும், அதுவும் ஒரு நிமிடத்துக்குள்ளாக. காவல்காரன் விழுந்த பிறகு பெராக்ஸைடு சும்மா இருக்காது. இலை வெளுப்பது அந்தக் கட்டத்தில்தான்.

பாராகுவாட் என்ற களைக்கொல்லி அடித்த களையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்த மருந்து சங்கிலியின் மறுமுனையில் நின்று எலெக்ட்ரானைப் பிடுங்கிப் பிடுங்கி ஆக்ஸிஜனுக்குக் கொடுக்கிறது. எவ்வளவு வைட்டமின் சி இருந்தாலும் ஈடுகொடுக்க முடியாது. நல்ல வெயிலில் சில மணி நேரத்தில் களை கருகிவிடும், இருட்டில் அப்படி ஆகாது. கொல்வது வெயில், மருந்து கதவைத் திறந்துவிடுகிறது.

இனி வலைக்கு வருகிறேன். கியூர்பிப் பக்கத்து நாற்றுப்பண்ணைகளில் கறிவேப்பிலைக் கன்று, வெற்றிலைக் கொடி வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் பலர். மேட்டு நிலம், எப்போதும் மேகமும் தூறலும், பண்ணையிலும் வலை போட்டிருப்பார்கள். கன்று பளபளவென்று, இலை அகலமாக, கரும்பச்சையாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். ஆனால் அந்த இலைக்கு வெயில் என்றால் என்னவென்று தெரியாது. குறைந்த வெளிச்சத்தில் வளர்ந்த இலை, வெளிச்சத்தைப் பிடிக்கிற நிறமியைத்தான் சேர்த்து வைத்திருக்கும். ஜியாஸாந்தினாக மாறக்கூடிய நிறமி குறைவு, வைட்டமின் சி குறைவு, இந்த நொதிகளும் குறைவு. மேட்டிலிருந்து காரில் இறங்கி ஒரு மணி நேரத்தில் தாமரின் உப்பளத்துப் பக்கம் கொண்டுவந்து வைத்தால் அன்று மத்தியானமே அடிபட்டுவிடும்.

பக்கத்து வீட்டு அக்கா அப்படி வாங்கிவந்த வெற்றிலைக் கொடியை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்க தம்பி, யாரோ ஆசிட் ஊத்தின மாதிரி இருக்கு" என்றார். ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தேன். பாதி வெளுத்துக் காகிதம் மாதிரி இருந்தது, மறுபாதி அப்படியே கரும்பச்சை. இரண்டுக்கும் நடுவே கோடு போட்டது போல ஒரு வளைவு. அதற்கு மேலே இருந்த இலையை என் விரலால் பழைய இடத்துக்கு நகர்த்தினேன். அந்த வளைவும் மேல் இலையின் விளிம்பும் அச்சாகப் பொருந்தின. மேல் இலையின் நிழல் விழுந்த இடம் பிழைத்திருக்கிறது, விழாத இடம் போய்விட்டது. காம்பு வளைகிற திசையில் ஒரு சின்னப் பச்சைத் தீவு தனியாக நின்றது. அது மேல் இலையின் நுனி மறைத்த இடம். பூச்சியோ நோயோ இவ்வளவு சுத்தமாகக் கோடு போடாது. உங்கள் செடியில் வெளுப்பு கண்டால் முதலில் இந்த நிழல் கோட்டைத் தேடுங்கள்.

வலை உதவுவது இந்த இடத்தில். புதுச் செடியை 50 சதவீத வலைக்கடியில் வைத்தால் அதற்கு வேலை செய்யப் போதுமான வெளிச்சமும் கிடைக்கும், பாதுகாப்பைக் கட்டிக்கொள்ள அவகாசமும் கிடைக்கும். வெளிச்சம் சற்றுக் கூடுதலாகப் படுவதை உணர்ந்துதான் இலை வைட்டமின் சி-யையும் நொதிகளையும் கூட்டுகிறது. படாவிட்டால் கூட்டாது. பழைய இலை ஓரளவுக்குத்தான் தேறும். புதிதாக விரிகிற இலை வெயிலுக்கென்றே சின்னதாக, தடிப்பாக வரும். ஆகவே இரண்டு மூன்று கொத்துப் புது இலை விரியும்வரை வலை முழு நேரம் இருக்கட்டும். பிறகு காலை வெயிலுக்குத் திறந்து நடுப்பகலுக்கு மட்டும் மூடுங்கள். அதற்கப்புறம் கறிவேப்பிலையைத் தைரியமாகத் திறந்து விட்டுவிடலாம். என் வீட்டுக் கறிவேப்பிலை இப்போது திறந்த வெளியில்தான் நிற்கிறது, இலையைக் கசக்கினால் வீடு முழுக்க வாசம். வெயிலில் வளர்ந்த கீரையில் வைட்டமின் சி கூடுதலாக இருக்கும் என்பதும் உண்மை. முருங்கைக் கீரைக்காகவே மரம் வைத்திருக்கும் நம்மவர்கள் அதன்மேல் வலை போட்டால் நல்லதைத்தான் குறைத்துக்கொள்கிறார்கள். முருங்கைக்கு வலையே வேண்டாம்.

வெற்றிலை வேறு. அது நிழலிலேயே பழகிய கொடி. ஊரில் கொடிக்காலில் அகத்தி மரத்தின் நிழலில்தான் ஏற்றுவார்கள். அதற்குக் கோடை முழுக்க 50 சதவீதம் இருக்கட்டும். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்துபோன பிறகு இங்கே பல வீடுகளில் வெற்றிலை வெளுத்ததைப் பார்த்தேன். கொடி காற்றில் அறுபடவில்லை. மேலே இருந்த மாமரக் கிளைகள் முறிந்து, அதுவரை வெயிலே பார்க்காத இலைமேல் ஜனவரி வெயில் நேராக இறங்கிவிட்டது. புயலுக்கு மறுநாள் வெட்டுக்கத்தியோடு போகிறவர்கள் கையோடு ஒரு துண்டு வலையும் எடுத்துப் போனால் நல்லது.

80 சதவீத வலையின் குறை இப்போது புரிந்திருக்கும். ஒளிமானி அதற்கடியில் 400 பக்கம்தான் காட்டியது. மேகம் வந்தால் அதிலும் சொற்பம். மிளகாய்ச் செடி தண்டு நீண்டு, கணு இடைவெளி கூடி, வெளிறி, பூவை உதிர்க்கும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, அந்தச் செடியை வலையிலிருந்து எடுக்கவே முடியாமல் போவது. காற்றில் ஒரு மூலை அவிழ்ந்தால்கூடப் போதும், அடியில் இருப்பது அத்தனையும் கியூர்பிப் கன்று மாதிரித்தான் அடிபடும். ஆந்தூரியத்துக்கு மட்டும் இது பொருத்தம். அது காட்டில் பெரிய மரங்களின் அடியில் வளர்கிற இனம், இந்தத் தீவில் அதைப் பயிர் செய்கிறவர்களும் அடர்ந்த வலைக்குள்தான் வைக்கிறார்கள்.

மேட்டு நிலத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜூலை மாதக் காலையில் குளிரும் தெளிந்த வானமும் சேர்ந்து வருகிற நாள்களில் கியூர்பிப்பிலும் இலை வெளுக்கும். குளிரில் சர்க்கரை செய்யும் நொதிகள் மந்தமாகிவிடும், ஆனால் பச்சையம் வெளிச்சத்தை வாங்குவதற்குக் குளிர் ஒரு தடையே இல்லை. வெயில் குறைவுதானே என்று நினைக்க வேண்டாம். கிழக்குப் பக்கம் மட்டும் ஒரு துண்டு வலை தொங்கவிட்டால் போதும்.

அதே கடையில் வலைக்குப் பக்கத்திலேயே இலைமேல் தெளிக்கிற ஒரு புட்டி இருந்தது. ஆன்டிஆக்ஸிடன்ட், வெயில் அழுத்தத்தைத் தாங்க வைக்கும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு என்று எங்கும் இல்லை. வாங்காதீர்கள். வைட்டமின் சி-யைத் தண்ணீரில் கரைத்து வைத்தால் காற்றும் வெளிச்சமும் பட்டு அதுவே கெட்டுப்போகும். இலையின் மேல்தோலில் மெழுகு இருக்கிறது. அதைக் கடந்து, செல் சுவரைக் கடந்து, பசுங்கணிகத்துக்குள் தேவையான அளவு போய்ச்சேர வேண்டும். இலை அதைத் தானே தயாரிக்கிறது, தேவை கூடும்போது தானே கூட்டுகிறது. அந்தக் காசுக்கு இன்னும் ஒரு மீட்டர் வலை வரும்.

இலைக்கு வெளியிலிருந்து உண்மையிலேயே தேவைப்படுவது உலோகம். சூப்பராக்ஸைடைப் பிடிக்கும் நொதிக்குள் செம்பும் துத்தநாகமும், இன்னொரு வகையில் இரும்பும் இருக்கிறது. அஸ்கார்பேட் பெராக்ஸிடேஸுக்கும் இரும்பு வேண்டும். கடலோரத்தில் பவள மணல் கலந்த மண்ணில் சுண்ணாம்பு கூடுதல். இரும்பு மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாது. அப்போது புதுத் தளிர் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக வலைபோலத் தெரியும். நிழல் கோடு எதுவும் இருக்காது. அந்தச் செடிக்கு வலை கட்டிப் பிரயோஜனம் இல்லை, கிலேட் இரும்பு (வேர் எடுத்துக்கொள்ளக்கூடிய வடிவில் இருக்கும் இரும்பு) கொடுங்கள், தொழு உரம் போடுங்கள். மாந்தளிரும் செம்பு நிறத்தில் வரும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்தச் சிவப்பு நிறமி, உள்ளே பசுங்கணிகம் தயாராகும்வரை தளிருக்கு அதுவாகப் போட்டுக்கொண்ட திரை.

ஓய்வு பெறுவதற்கு முன் இதையெல்லாம் கருவியில் பார்ப்போம். இலையில் ஒரு சின்னக் கவ்வியை மாட்டி, அரை மணி நேரம் இருட்டில் வைத்து, பிறகு ஒரு பளிச்சென்ற ஒளியைக் காட்டி, திரும்பிவரும் சிவப்பு ஒளிர்வை அளப்போம். அதிலிருந்து கணக்கிடும் விகிதம் நல்ல இலையில் 0.83 பக்கம் நிற்கும். வெயிலில் அடிபட்ட இலையில் 0.6, 0.5 என்று இறங்கும், கண்ணுக்கு வெளுப்பு தெரிவதற்கு முன்னாலேயே. கருவி வீட்டுக்கு வேண்டியதில்லை. சாயங்காலத்தில் இலை பழைய பளபளப்புக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். அடிபட்ட தொகுதியின் புரதத்தைக் கழற்றிப் புதிது மாட்டும் வேலையை இலை நாள்தோறும் செய்கிறது. பழுது பார்க்கிற வேகத்தைவிடப் பழுதாகிற வேகம் கூடும்போதுதான் நம் உதவி தேவைப்படுகிறது.

வலையின் தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது பாலிஎத்திலீன். வெயிலும் ஆக்ஸிஜனும் சேர்ந்து இலையைக் கெடுப்பது போலவே பிளாஸ்டிக்கையும் கெடுக்கும், சங்கிலிகளை அறுத்து நொறுங்க வைக்கும். அதற்காகவே தயாரிக்கும்போது தடுப்புப் பொருள்கள் கலக்கிறார்கள். கறுப்பு வலைக்கு இங்கே ஒரு அனுகூலம்: கறுப்பு நிறத்துக்குச் சேர்க்கும் கார்பன் தூளே புற ஊதா ஒளியை விழுங்கி இழையைக் காக்கிறது. நான் வாங்கிய பச்சைத் துண்டைக் கறுப்பின் பக்கத்திலேயே கட்டியிருந்தேன். கோடை முடிந்து எடுத்துப் பார்த்தபோது பச்சை இழை நகத்தால் கீறினாலே பொடியாக உதிர்ந்தது. கறுப்பு இழை வளைத்தாலும் முறியவில்லை. இலைக்குப் புதிது முளைக்கும், வலைக்கு முளைக்காது, ஆகவே சுருளின் உள்பக்க அட்டையில் புற ஊதாப் பாதுகாப்பு பற்றி எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். என் கடையில் கறுப்புக்கு எழுதியிருந்தது, பச்சைக்கு இல்லை.

பின்னல் வகையை நான் வற்புறுத்துவது வெட்டுவதற்காகவும்தான். கத்தரியால் எந்தப் பக்கம் வெட்டினாலும் பிரியாது. நெசவு வலையை வெட்டினால் ஓரம் பூராவும் நூல் பிரிந்துகொண்டே போகும், ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டும்.

கட்டும்போது இலைக்கும் வலைக்கும் நடுவே ஒரு கை நீளமாவது இடைவெளி விடுங்கள். கறுப்பு வலை சூடாகும், காற்று ஓட இடம் வேண்டும். மேலே தட்டையாகக் கட்டினால் மழைக்குத் தொய்யும், ஒரு பக்கம் சாய்த்துக் கட்டுங்கள். வடக்கும் மேற்கும் மூடினால் போதும், மத்தியானத்துக்குப் பிறகு வருகிற வெயில்தான் இங்கே கடுமை. தெற்குப் பக்கம் திறந்தே இருக்கட்டும். நிரந்தரமாக ஆணி அடித்து வைக்காதீர்கள். நவம்பரிலிருந்து மே நடுப்பகுதி வரை புயல் காலம், காற்றில் வலை பாய் மாதிரி உப்பிக் கம்பத்தையே பிடுங்கிக்கொண்டு போகும். இரண்டாம் எச்சரிக்கை போட்டதும் ஆள் ஒருவர் நின்று கழற்றக்கூடியபடி கொக்கியில் மாட்டுங்கள். நான் ஒரு பக்கம் கம்பியில் கோத்து, மறுபக்கம் கொக்கி வைத்திருக்கிறேன். திரைச்சீலை மாதிரி இழுத்து ஒதுக்கிவிடலாம், காலையில் திறந்து மத்தியானம் மூடுவதற்கும் அதுவே வசதி.

மொத்தத்தில் கறுப்பு 50 பின்னல் வலைக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை குறைத்தது, கூடவே கொடுத்த பிளாஸ்டிக் கவ்விகளுக்காக. வெள்ளை நிறத்தில் இருந்தன, முதல் கோடையிலேயே பாதி உடைந்துவிட்டன. கம்பிக் கொக்கியைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், கடற்காற்றுக்குத் துருப்பிடிக்காத எஃகாகப் பார்த்து.